புகைக்குப் போட்ட முக்காடு

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் புரொஃபைல் படத்தில் பெண்களுக்கு முகம் கிடையாது. உம்மா ரோஜாப்பூ, அக்காவான லாத்தா பூனைக்குட்டி, அண்ணியான மச்சி காபா. ஆண்கள் மட்டும் கூலிங் கிளாஸ் போட்டு நிற்பார்கள். டெல்லிக்கு வேலைக்கு வந்த பிறகும் நான் அந்த வழக்கத்தை மீறவில்லை, செம்பருத்தியாகவே இருந்தேன். தலையில் முக்காடு போடுவதைத்தான் விட்டிருந்தேன். அது வீட்டுக்குத் தெரியும்.

என் அண்ணன், அதாவது காக்கா, தினமும் காலையில் குழுவில் ஒரு மீம் போடுவார். உறை பிரிக்காத மிட்டாய் ஒன்று, பிரித்தது ஒன்று, பிரித்ததன் மேல் ஈ. மறுநாள் சிப்பிக்குள் முத்து. அதற்கு மறுநாள் திறந்து வைத்த ஐஸ்கிரீம். பெண் என்றாலே இவர்களுக்குத் தின்பண்டம்தான் ஞாபகம் வரும் போலிருக்கிறது. கீழே வரிசையாக மாஷா அல்லாஹ் விழும். ஊருக்குச் சொல்வதுபோல் அவர் எனக்குத்தான் சொல்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் எழுதிவிட்டேன். "பார்வையைத் தாழ்த்தச் சொல்லி குர்ஆன்ல முதல்ல ஆம்பளைகளுக்குத்தான் வருது காக்கா. பொம்பளைகளுக்கு அடுத்த வசனம். முதல் வசனத்துக்கு மீம் கிடையாதா?"

நாங்கள் இருவரும் ஒரே மதரஸாவில் ஓதியவர்கள். அவருக்குத் தெரியாததல்ல. நீல டிக் மட்டும் வந்தது. அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். போன் செய்தால் எடுக்கமாட்டார். அந்த ரமலானில் மெட்ரோவில் சாப்பிடக் கூடாதென்பதால் துவாரகா ஸ்டேஷனுக்கு வெளியே, இ-ரிக்‌ஷாக்களுக்கு நடுவில் நின்று பேரீச்சம்பழம் தின்று நோன்பு திறந்தேன். அதைக்கூடச் சொல்ல ஆளில்லை.

நவம்பரில் புகை வந்தது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. கம்பளி ஸ்கார்ஃபைத் தலையைச் சுற்றிக் கட்டி, மாஸ்க் போட்டு, பால்கனியில் நின்று ஒரு படம் எடுத்து உம்மாவுக்கு அனுப்பினேன். "எதிர்ல இருக்கற கட்டடமே தெரியல, பாருங்க உம்மா" என்று கூடவே குரல் பதிவும் போட்டேன். உம்மா படத்தை மட்டும் குழுவுக்குத் தள்ளிவிட்டார்.

நான் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் குழு பூத்துக் குலுங்கியது. மாஷா அல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ், அழும் முகம், ரோஜா. மதியம் காக்காவே கூப்பிட்டார்.

"என்னமா, நல்லாயிருக்கியா? சாப்பிட்டியா?"

அந்த 'என்னமா'வுக்காக எவ்வளவு ஏங்கிப் போயிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அடுத்த தடவை வரும்போது ஸ்டேஷனுக்கு நானே வர்றேன். ஆட்டோ புடிக்காதே, என்ன?"

சரி என்றேன். ஸ்கார்ஃப் பேச்சை நான் எடுக்கவில்லை. இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை மீம் வந்தது. அதில் நான் இருந்தேன். 'தலைநகரில் ஒரு முத்து' என்று பச்சை எழுத்து. பின்னாலிருந்த புகையை மொத்தமாக அழித்துவிட்டு, எங்கேயோ ஒரு மலையும் சூரிய உதயமும் வைத்திருந்தார். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. உடனே கூப்பிட்டேன்.

"காக்கா, அது புகைக்குக் கட்டினது. இங்க மூச்சு விட முடியல. அதான்."



"அப்படியா" என்று வைத்துவிட்டார்.

மீம் இருந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று வந்தது. வாழ்த்துகளை யாரும் நீக்கவில்லை. மெட்ரோவில் நின்றபடி ஒவ்வொன்றாக மேலிருந்து கீழ்வரை படித்தேன். மூச்சு விட முடிகிறதா என்று ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை.