மாப்பிள்ளை போட்ட கூடாரம்

தேனி மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் மூட்டை கட்டி வைத்திருப்பார்களே, அந்தப் பருமனில் ஒரு பச்சைப் பொதியைக் காரிலிருந்து இறக்கினார் என் மருமகன். நாங்கள் தங்கப்போகும் வீடே அதற்குள்தான் இருக்கிறது என்றார். ஸ்பெயின் நாட்டின் தெற்கு மூலை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பொட்டல். ஜெர்மனியில் மகள் வீட்டிலிருந்து காரிலேயே முதுகு ஒடிய உட்கார்ந்து வந்திருந்தேன். செலவைச் சுருக்கி ஊர் பார்க்கும் வித்தை இது என்று வழியெல்லாம் பாடம் நடத்தினார். கம்பம் ஊரில் என் திராட்சைத் தோட்டத்துக் காவல்காரருக்குக்கூட நான் கயிற்றுக் கட்டில் கொடுத்திருக்கிறேன். இந்த மனிதர் மாமியாரைத் தரையில் படுக்க வைப்பதற்கென்றே நாடு நாடாகத் தாண்டிக் கூட்டி வந்திருந்தார்.

அங்கே வரிசையாகக் கூடாரம் போட்டு இருந்தவர்களைப் பார்த்தால் வெள்ளத்தில் வீடு வாசல் போனவர்கள் மாதிரி இருந்தது. எல்லோரும் சொந்த வீடு உள்ளவர்கள், ஆசைப்பட்டுத்தான் வந்து கிடக்கிறார்கள் என்றாள் மகள். பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரப் பெரியவர் வெறும் கால்சட்டையோடு, கழிப்பறைக் காகிதச் சுருளைத் தீவட்டி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். போகிற போக்கில் எனக்கு ஒரு கும்பிடு வேறு.

மருமகன் குச்சியைச் சொருகினால் துணி பறந்தது; துணியைப் பிடித்தால் குச்சி நழுவியது. ஒருவழியாக நிமிர்த்தி நிறுத்திவிட்டு, "நாலு பேரு தாராளமா படுக்கலாம் அத்தை" என்றார். நாலு பேர் என்றால் அவர், மகள், பேத்தி, நான்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை முன்னால் மாமியார் கால் நீட்டி உட்காரமாட்டாள். அவர் வந்தால் எழுந்து கதவோரம் ஒதுங்குவாள். சொல்ல வேண்டியதை மகள் வழியாகச் சொல்வாள். மகள் கல்யாண நாளிலிருந்து நான் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறேன். இவரும் எங்கள் பக்கத்து வடுகபட்டியில் பிறந்து வளர்ந்தவர்தான். விமானம் ஏறியதும் அதெல்லாம் காற்றோடு போய்விட்டது போலிருக்கிறது.

மகளைத் தனியே இழுத்தேன். "ஏடி, ஒரே துணிக்குள்ள மாப்பிள்ளையோட நான் எப்படிடி படுக்கிறது?"

"இங்கன யாரும்மா பாக்கப் போறாக?"

"யாரும் பாக்கலைன்னா நான் மாமியா இல்லைன்னு ஆயிருமா?"

அவர் காதில் விழுந்துவிட்டது. "இதெல்லாம் பழைய பஞ்சாங்கம்னு அத்தைகிட்டச் சொல்லு" என்று அவரும் அவள் வழியாகவே பேசினார். "ஒத்து வரலைன்னா அடுத்த தடவை அவுகளக் கூப்பிடவே வேணாம்."

மகள் முகம் சுருங்கிவிட்டது. என்னை வரவழைக்க அவள் அவரிடம் எவ்வளவு கெஞ்சியிருப்பாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் மல்லுக்கு நின்றால் எனக்குப் போவது ஒரு பயணம். அவளுக்குப் போவது தாய்வீடு.

உடனே குரலைக் குழைத்துக்கொண்டேன். "மாப்பிள்ளை சொல்றாகன்னா சரியாத்தான்டி இருக்கும். அருமையான டெண்டு. பொம்பளைக மூணு பேரும் அதுக்குள்ள படுத்துக்கிறோம். அவுக ஆம்பளைச் சிங்கம், காருல படுத்துக்கிறட்டும். காவலுக்குக் காவலும் ஆச்சு."

பேத்தி, "அப்பா சிங்கம்! அப்பா சிங்கம்!" என்று குதித்தாள். சிங்கத்தால் அதற்குப் பிறகு மறுக்க முடியவில்லை.

மறுநாள் காலை கார்க் கதவு திறந்தது. முதலில் ஒரு கால் வந்தது. வெகு நேரம் கழித்து இன்னொரு கால் வந்தது. கழுத்து இடப்பக்கம் திரும்பினது திரும்பினபடியே நின்றுவிட்டது. எங்களைப் பார்க்க அவர் உடம்போடு சுற்ற வேண்டியிருந்தது. நானோ காலை நீட்டி நன்றாகத் தூங்கி எழுந்திருந்தேன்.

மறு வருடம் அவருடைய அம்மா அவர்களோடு ஊர் பார்க்கப் போனார். சம்பந்தியம்மாவுக்கு மெத்தை போட்ட ஓட்டல் அறை. அந்தம்மாவுக்கு இடுப்பு வலியாம். எனக்கு இருப்பது இடுப்பு இல்லை போலிருக்கிறது.

போன வாரம் மகள் போனில் பேசும்போது மாப்பிள்ளை நடுவில் புகுந்தார். "அத்தை, இந்த வருசம் இத்தாலி. ரெண்டு ரூம் வச்ச டெண்டு வாங்கியிருக்கேன். உங்களுக்குத் தனி ரூம்."

துணியில் ரூமாம். நான் என்ன சொல்வேனோ என்ற பயம் மகளுக்கு.

"ஆத்தா, நான் வாறேன்னு உம் புருசன்கிட்டச் சொல்லு" என்றேன். "சம்பந்தியம்மாவையும் கட்டாயம் கூப்பிடச் சொல்லு. அவுகளுக்கு ஒரு ரூம்பு, எனக்கு ஒரு ரூம்பு. நீயும் பிள்ளையும் ஆளுக்கு ஒரு பக்கம் படுத்துக்கங்க. காரு இன்னும் இருக்குல்ல?"

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அவர் சிரித்த மாதிரித் தெரியவில்லை.