மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிட்டால்

அந்த ஒப்பந்தம் டயாலிசிஸ் நிலையத்தின் நடைவழியில் நடந்தது. டயாலிசிஸ் (செயலிழந்த சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரம் கொண்டு இரத்தத்தைச் சுத்தம் செய்வது) முடிந்து, என் கணவர் கணேசன் எடை பார்ப்பதற்காக நின்றுகொண்டிருந்தார். ஊசி எடுத்த இடத்தை மற்றக் கையால் அழுத்திப் பிடித்திருந்தார். எதிர்ச் சுவரில் அன்றுதான் ஒரு விளம்பரத்தை ஒட்டியிருந்தார்கள். நிலையத்துக்கு நிதி திரட்டும் ஓட்டம். இருபத்தொரு கிலோமீட்டர். மூன்று மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்குப் பதக்கம்.

நான் அவரிடம் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டிருந்தேன். என் சிறுநீரகத்தில் ஒன்றை ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று.

"சாந்தி, நல்லா ஓடிக்கிட்டு இருக்கற காடியில எஞ்சினைக் கழட்டி, பழுதான காடியில மாட்டச் சொல்றே. ரெண்டு காடியும் நடுரோட்டுல நின்னா யாரு இழுத்துக்கிட்டுப் போறது?"

அவர் பினாங்குப் படகுகளில் இயந்திரம் பழுதுபார்த்தவர். எதையும் அப்படித்தான் பேசுவார்.

"என் உடம்பு நல்லாருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரு," என்றேன்.

"பேப்பர்ல நல்லாருக்கு. ரெண்டு மாடி ஏறுனா மூச்சு வாங்குது." சுவரைக் காட்டினார். "இதுல ஓடு. மூணு மணி நேரத்துக்குள்ள வந்துட்டா வாங்கிக்கிறேன்."

"நெசமாவா?"

"நெசமா லா. மிஸ்ஸி சாட்சி."

மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி ரோகிணி, எடையைக் குறித்துக்கொண்டே சிரித்தார். "அண்ணே, அக்கா ஓடிருவாங்க. அப்புறம் நீங்கதான் ஓடி ஒளியணும்."

கணேசன் என் வாயை அடைப்பதற்காகச் சொன்னார். எனக்கு அது புரிந்தது. ஆனால் நான் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை செய்கிறேன். ஒருவர் ஓர் அளவைச் சொல்லிவிட்டால் அது எனக்கு விளையாட்டு இல்லை. அன்று மாலையே பெயரைப் பதிந்தேன்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் வாரம் மூன்று நாள் இயந்திரத்துக்குப் போய்வருகிறார் என்றால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நோயாளியைப் பற்றி நிறையச் சொல்லித் தருகிறார்கள். பக்கத்தில் இருப்பவரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கணேசனுக்குப் பல வருடங்களாக இனிப்பு நீர் (நீரிழிவு). மாத்திரையை ஒழுங்காகப் போடுவார். சாப்பாட்டில் ஒழுங்கு கிடையாது. ஒரு தீபாவளி சமயத்தில் காலுறையைக் கழற்றியபோது கணுக்காலில் அதன் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. மறுநாள் காலையிலும் அது மறையவில்லை. அதுதான் தொடக்கம். ஒன்றரை வருடத்துக்குள் இடக்கையில் ஃபிஸ்டுலா (ஊசி ஏற்றுவதற்காகத் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இடம்) வைத்தார்கள். அதன் மேல் கை வைத்தால் உள்ளே இரத்தம் ஓடுவது அதிரும். "எஞ்சின் ஓடுது பாரு," என்று மகள் கவிதாவிடம் காட்டினார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அவர் உடம்பு இப்போது சிறுநீரை வெளியேற்றுவதில்லை. குடிப்பதெல்லாம் அடுத்த டயாலிசிஸ் வரை உள்ளேயே நிற்கும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு சிறிய போத்தல் தண்ணீர்தான். மாத்திரை விழுங்குவதும் அதில்தான். கோழிக்கறியில் குழம்பைக் குறைத்தேன். இளநீரை வீட்டுக்குள் கொண்டுவருவதை நிறுத்தினேன். வலி மாத்திரைகள் சிலவற்றை அவர் தொடவே கூடாது என்றார்கள். அலமாரியில் இருந்தவற்றைத் தூக்கிப் போட்டேன். வீட்டில் இருந்த தடைகள் எல்லாம் அவர் பெயரில் இருந்தன. நான் ஆரோக்கியமானவள். எங்கள் வீட்டில் அது என் பொறுப்பு போலவே ஆகிவிட்டது.

தானம் கொடுப்பவருக்கான சோதனைகள் பல மாதம் நடந்தன. இரத்தம், சிறுநீர், இதயம், நுரையீரல். கடைசியில் சிறுநீரக மருத்துவர் படத்தைக் காட்டி விளக்கினார். எடுத்தால் இடது பக்கத்தைத்தான் எடுப்போம், இரத்தக் குழாய் அங்கே வசதியாக இருக்கிறது என்றார். என் சிறுநீரகங்கள் வடிகட்டும் அளவு, ஏற்கத்தக்க எல்லைக்கு உள்ளேதான் இருந்தது. ஆனால் எல்லையை ஒட்டி இருந்தது. "உள்ளே என்றால் உள்ளேதானே டாக்டர்?" என்று கேட்டேன். "உள்ளேதான்," என்றார்.

அன்றிலிருந்து இடது பக்கத்தை நான் என்னுடையதாக நினைக்கவில்லை. அது அவருடையது, என்னிடம் இருந்தது. பேருந்தில் யாராவது இடித்தால் இடது பக்கத்தைத்தான் முதலில் மறைத்துக்கொண்டேன்.

ஐம்பத்தொரு வயதில் ஓடக் கற்றுக்கொண்டேன். வேலை இல்லாத காலைகளில் தண்ணீர்மலைச் சாலையில் தாவரத் தோட்டம் வரை நடந்து, பிறகு ஓடி, பிறகு திரும்பி. முதல் மாதம் குரங்குகள்கூட என்னைக் கண்டு ஒதுங்கவில்லை. கணேசன் வரவேற்பறையில் உட்கார்ந்து நான் நனைந்து வருவதைப் பார்ப்பார். "என்னா, இன்னிக்கும் ஆமைதான் ஜெயிச்சிச்சா?" என்பார். அவர் கிண்டல் செய்தபோதெல்லாம் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. பயப்படும்போது அவர் கிண்டல் செய்யமாட்டார். ஆறாவது மாதத்தில், நான் பதினாறு கிலோமீட்டர் ஓடிவந்த அன்று, அவர் கிண்டல் செய்யவில்லை. என் காலணியை மட்டும் வெகுநேரம் பார்த்தார்.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது வலது முழங்கால் வீங்கியது. வீட்டுக்கு அருகில் இருந்த சிறிய கிளினிக்குக்குப் போனேன். அந்த மருத்துவர் என்னை அறியாதவர். "வேறு ஏதாவது நோய் உண்டா? வேறு சிகிச்சை நடக்கிறதா?" என்று சரியாகத்தான் கேட்டார். "எனக்கு ஒன்றுமில்லை டாக்டர். என் கணவருக்குத்தான்," என்றேன். அது உண்மை. அவர் வலிக்கும் வீக்கத்துக்கும் மாத்திரை எழுதினார். பொட்டலத்தில் இருந்த பெயரை நான் படித்தேன். எங்கள் வீட்டிலிருந்து நான் தூக்கிப் போட்ட அதே வகை. கணேசனுக்கு ஆகாது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, அவர் கைக்கு எட்டாத மேல் தட்டில் வைத்தேன். பிறகு அதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

இந்த இடத்தைப் பலமுறை திரும்ப எழுதிப் பார்த்துவிட்டேன். இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் கடற்கரைத் திடலில் தொடங்கியது. கடலோர விரைவுச்சாலை வழியே தெற்கே போய், பினாங்குப் பாலம் தொடங்கும் இடத்தைத் தாண்டித் திரும்ப வேண்டும். தினமும் தொழிற்சாலைப் பேருந்தில் அந்தப் பாலத்தைக் கடக்கிறேன். கால்களால் அதை நெருங்கியபோதுதான் எவ்வளவு தூரம் என்று தெரிந்தது. எதிர்க்கரையில் பட்டர்வொர்த் துறைமுகத்தின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. காற்று சிறிதும் இல்லை. நெற்றியிலிருந்து வழிந்த உப்பு கண்ணை எரித்தது.

திரும்பும் இடத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். பிந்தியிருந்தேன். அதற்குப் பிறகு தண்ணீர் மேசைகளில் நிற்பதை விட்டுவிட்டேன். கூட்டத்தில் நுழைந்து, கோப்பையை வாங்கி, குடித்து முடிப்பதற்குள் போகும் நேரத்தை நான் கணக்கிட்டிருந்தேன். இரண்டு மிடறு குறைவாகக் குடிப்பது எங்கள் வீட்டில் நல்ல பழக்கம். ஒரு மேசையில் தொண்டராக நின்ற மலாய்ப் பெண் கோப்பையை நீட்டிக்கொண்டு என்னுடன் சில அடி ஓடிவந்தார்.

"காக்! மினும் டூலு, காக்!" அக்கா, முதலில் குடியுங்கள் என்றார்.

கையை ஆட்டி வேண்டாம் என்றேன். அவர் நின்றுவிட்டார்.

வெயில் ஏறியிருந்தது. கடைசிப் பகுதியில் என் தோள்கள் நடுங்கின. வியர்வை நின்றுபோயிருந்ததை நான் கவனித்தேன். அது நல்லது என்று நினைத்தேன். திடலின் ஓரத்தில் ஈப்போவிலிருந்து வந்திருந்த கவிதா, "மா, அஞ்சு நிமிசம் இருக்கு, மா!" என்று கத்தினாள். கோட்டைத் தாண்டியபோது மூன்று மணி நேரம் ஆக இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

கணேசன் மர நிழலில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வந்துட்டே," என்றார்.

"வந்துட்டேன்."

"சரி. செவ்வாய்க்கெழம டாக்டர்கிட்ட சொல்லிர்றேன்."

கவிதா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த ஒப்பந்தம் பற்றி அவளுக்கு அதுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் படுத்தேன். இரண்டு முறை வாந்தி எடுத்தேன். களைப்பு என்றேன். மதியம் கழிவறைக்குப் போனபோது சிறுநீர் கொஞ்சமாக, பால் கலக்காத கோப்பியின் நிறத்தில் வந்தது. அதன் பிறகு மாலை வரை வரவே இல்லை. சிறுநீர் வராமல் போவது என்றால் என்ன என்பதைச் சொல்ல எங்கள் வீட்டில் யாரும் தேவையில்லை. "காடிய எடு," என்று கவிதாவிடம் சொன்னவர் கணேசன்தான்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் எளிமையாக விளக்கினார். வெயிலில் தண்ணீர் இல்லாமல் ஓடியதில் தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்திருக்கிறது. ஏற்கெனவே வலி மாத்திரை அங்கே இரத்த ஓட்டத்தைக் குறைத்து வைத்திருந்தது. கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய தசைக் கழிவு, இரத்தத்தில் ஏறினால் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று பொருள்) பல மடங்கு ஏறியிருந்தது. கணேசனின் அறிக்கைகளில் நான் பார்த்துப் பழகிய எண்கள் என் பெயருக்குக் கீழே இருந்தன.

"இந்த மாத்திரை ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? கணவர் டயாலிசிஸ்ல இருக்காருங்கறீங்க?"

"அவருக்கு ஆகாதுன்னு தெரியும்," என்றேன்.

நரம்பில் உப்புநீர் ஏற்றினார்கள். எனக்கும் டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று சொல்லி வைத்தார்கள். தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் சிறுநீர் வெளுக்கத் தொடங்கியது. கவிதா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்போதுதான் கோபப்பட்டாள்.

"ரெண்டு பேரும் பந்தயம் கட்டி வெளையாட இது என்னா கோழிச் சண்டையா? என்கிட்ட மட்டும் எதையும் சொல்றதில்ல."

அன்று செவ்வாய்க்கிழமை. டயாலிசிஸ் முடிந்து கணேசன் சுவரைப் பிடித்துக்கொண்டு வார்டுக்குள் வந்தார்.

"டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்," என்றார்.

"என்னான்னு?"

"வாங்கிக்கிறேன்னு. வார்த்தை குடுத்தேன் இல்ல."

"அவரு என்னா சொன்னாரு?"

"மொதல்ல பொண்டாட்டிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னாரு."

மூன்று மாதம் காத்திருந்து மறுபடியும் எல்லாச் சோதனைகளையும் செய்தார்கள். சிறுநீரகங்கள் மீண்டிருந்தன, முழுவதும் மீளவில்லை. எல்லையை ஒட்டி உள்ளே இருந்த அளவு, எல்லைக்குக் கொஞ்சம் வெளியே நின்றுவிட்டது. சிறுநீரக மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்களுக்கு இது போதும்மா. கவனமா இருந்தா கடைசி வரைக்கும் ஓடும். ஆனா ரெண்டு பேருக்குப் பத்தாது."

நான் தலையசைத்தேன். எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது.

"இன்னும் ஆறு மாசம் பொறுத்துப் பார்த்தா டாக்டர்?" என்று கணேசன் கேட்டார். "ஒரு வருசம்? நான் இருப்பேன். எனக்கு அவசரம் இல்ல."

மருத்துவர் அவரிடம் பொறுமையாக மீண்டும் விளக்கினார். அவர் மீண்டும் கேட்டார். கருவி தப்பாகக் காட்டியிருக்குமா, வேறு ஆஸ்பத்திரியில் பார்க்கலாமா என்றார். இத்தனை காலம் வேண்டாம் என்று சொன்ன அதே குரல். என்னால் அந்த அறையில் இருக்க முடியவில்லை.

காடியில் உட்கார்ந்தும் சாவியைத் திருப்பாமல் இருந்தேன். அவர்தான் பேசினார்.

"அன்னிக்கி நீ வந்துட்டே இல்ல, ஞாயித்துக்கெழம. நீ குளிக்கப் போயிட்டே. நான் உக்காந்து என்னா நெனச்சேன் தெரியுமா? ஒரு முழு எளநி. வழுக்கையோட. யாரையும் கேக்காம." சிரிக்கப் பார்த்தார். "அது வரைக்கும் நான் எதையும் நெனச்சதில்ல சாந்தி. நெனக்கக் கூடாதுன்னுதான் உன்கிட்ட வேணாம் வேணாம்னு சொன்னேன்."

அவர் என் உடம்புக்காகப் பயந்து மறுக்கிறார் என்றுதான் நான் நம்பியிருந்தேன். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த மறுப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவர் ஒவ்வொரு செவ்வாயையும் வியாழனையும் சனியையும் கடந்திருக்கிறார். குறித்த நேரத்துக்குள் ஓடிவந்து நான் அதை அவரிடமிருந்து எடுத்துவிட்டேன். பதிலுக்கு, இளநீரை நினைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த ஒரு பகலை மட்டும்தான் என்னால் கொடுக்க முடிந்தது.

தானம் கொடுக்க முன்வந்திருக்கும் நீங்கள் கேட்டால் ஒன்றைச் சொல்வேன். நோயாளிக்குச் சொன்னவற்றில் எவை உங்களுக்கும் பொருந்தும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். எந்த மருத்துவர் எதற்காகப் பார்த்தாலும், நான் சிறுநீரகம் கொடுக்கப் போகிறவள் என்று முதலில் சொல்லுங்கள். இது சின்ன வாக்கியம். நான் சொல்லவில்லை.

அவர் பெயர் இப்போது இறந்தவர்களிடமிருந்து சிறுநீரகம் பெறுவதற்கான காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறது. எவ்வளவு காலம் என்று யாராலும் சொல்ல முடியாது. முன்பு எனக்கு நாட்கள் ஒரு தேதியை நோக்கிப் போயின. இப்போது வாரம் வட்டமாக வருகிறது. இயந்திர நாள், இயந்திரம் இல்லாத நாள். அவர் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவதில்லை. கிண்டலும் செய்வதில்லை.

என் உடம்பில் வலி இல்லை, தழும்பு இல்லை. பேருந்தில் கூட்டம் நெருக்கும்போது இன்னமும் என் கை இடது பக்கத்தை மறைக்கப் போகிறது. அங்கே இருப்பது என்னுடையதுதான், முழுவதும் என்னுடையது என்று சொல்லிக் கையை இறக்குகிறேன். அடுத்த நிறுத்தத்தில் கை மறுபடியும் அங்கே இருக்கிறது.