மாடிப்படிக்கு வெள்ளையடித்தவள்

புரட்டாசியில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. நடவாட்களுக்கு டீ எடுத்துக்கொண்டு போன நான் வரப்பில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டேன். மன்னார்குடியில் மாவுக்கட்டுப் போட்டு, நடக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் மகள் ஞாயிற்றுக்கிழமை வந்தவள், நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைக் கண்டு என் போனை வாங்கி இரண்டு விளையாட்டுகளை இறக்கிக் கொடுத்தாள்.

"சும்மா கெடக்காம இத வெளையாடும்மா. பொழுது போயிடும்."

ஒன்று பழம் சேர்க்கிற விளையாட்டு. ஒரே நிறப் பழம் மூன்றை வரிசையில் கொண்டுவந்தால் அவை வெடித்து மறையும். கட்டத்தைத் தாண்டினால் ஒரு நட்சத்திரம் தருவார்கள். அந்த நட்சத்திரங்களைக் கொண்டு, பாழடைந்த ஒரு பங்களாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்ய வேண்டும். முதலில் வாசல் கதவு, பிறகு ஜன்னல், பிறகு கூடத்துத் தரை. எங்கள் வீட்டில் கொல்லைக் கதவின் கீல் கழன்று ஒரு வருஷமாகத் தொங்குகிறது. பங்களாவில் தொட்டவுடன் கதவு நின்றது. அதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பார்கள்.

இன்னொன்று கதை விளையாட்டு. புகுந்த வீட்டில் ஒரு மருமகளை ஆளாளுக்கு ஏசுவார்கள். அவள் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் அரைகுறையாக இருந்தது. மாமியார் "அன்பே" என்று கூப்பிட்டுவிட்டுத் திட்டினாள். ஆனால் விஷயம் சரியாகத்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்பது இலவசம். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவதும் இலவசம். நறுக்கென்று திருப்பிக் கேட்பதற்கு மட்டும் வைரம் வேண்டும். வைரத்துக்கு விளம்பரம் பார்க்க வேண்டும். சோப்பு, மசாலா, நகைக்கடை என்று எல்லாவற்றையும் பார்த்து வைரம் சேர்த்தேன். அந்த மருமகளை ஒரு தடவைகூடத் தலைகுனிய விடவில்லை.

என் கணவரின் தங்கை சீர்காழியில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். ஆப்பிள் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தவள், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் போனை எட்டிப் பார்த்தாள். பழம் வெடித்துக்கொண்டிருந்தது. "ம்" என்றாள். அவ்வளவுதான். காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

கார்த்திகையில் பங்காளி வீட்டில் காதுகுத்து. மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள். நொண்டிக்கொண்டே போனேன். பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, எதிர் வரிசையிலிருந்த யாரோ "கால் எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் பதில் சொன்னாள்.

"அண்ணிக்கு காலு நல்லாத்தான் இருக்கு. கைதான் போன விடமாட்டேங்குது. அண்ணன் மழையில நனைஞ்சுகிட்டு வயல்ல தண்ணி வடிக்கிறாங்க. இவங்க பங்களா மாடிப்படிக்கு வெள்ளையடிச்சுகிட்டு இருக்காங்க!"

பந்தியே சிரித்தது. சாம்பார் வாளியோடு நின்றவர் சிரித்தார். என் பக்கத்தில் இருந்த என் கணவரும் சிரித்தார், எல்லோரையும்விடச் சத்தமாக. நான் இலையைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன். கதை விளையாட்டாக இருந்தால் என்னிடம் வைரம் இருந்தது. பந்தியில் அது செல்லாது.

அதன் பிறகு ஒரு நாள் மத்தியானம், பங்களாவில் ஒரு புதுக் கதவு திறந்தது. உள்ளே, காரை பெயர்ந்த ஒரு மாடிப்படி. "வெள்ளையடிக்க வேண்டும்" என்று எழுதியிருந்தது. நான் போனைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்த மாடிப்படியை நானே இப்போதுதான் பார்க்கிறேன். காதுகுத்து அன்றைக்கே இது அவளுக்கு எப்படித் தெரியும்?

தெரிந்தவர்கள் யாராவது இதை ஆடுகிறார்களா என்று காட்டுகிற பொத்தான் ஒன்று அந்த விளையாட்டில் உண்டு. அதுவரை நான் தொட்டதில்லை. அழுத்தினேன். பங்களாவின் படம் விரிந்தது. ஆடுகிறவர்கள் எட்டியிருந்த இடத்தில் அவரவர் போட்டோ தெரிந்தது. நான் மாடிப்படியில் நின்றேன். எனக்கு வெகுதூரம் முன்னால், கொல்லைப்புறத்து ரோஜாத் தோட்டத்தையும் தாண்டி, நீலப் பட்டுப்புடவையில் சிரித்துக்கொண்டு என் நாத்தனார் நின்றாள்.

அப்போதே எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிரித்தவர்கள் எல்லோரும் கூடியிருக்க வேண்டும், அவள் வாயாலேயே அது வர வேண்டும் என்று முடிவு செய்தேன். மார்கழி முழுக்க வெறியாக விளையாடினேன். ரோஜாத் தோட்டத்தில் தண்ணீர்க்குழாய் வருகிற கட்டம் ஒன்று இருக்கிறது, மகா கஷ்டமானது. அதன் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஆனால் தாண்டாமல் அப்படியே நிறுத்தி வைத்தேன்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் நாத்தனார் வீட்டுக்காரரோடு வந்தாள். பங்காளி வீட்டு ஜனமும் வந்திருந்தது. சாப்பாடு முடிந்து கூடத்தில் எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தை ஆட ஆரம்பித்தேன். வேண்டுமென்றே தப்புத் தப்பாக ஆடினேன். மேலே இருப்பதை உடைத்தேன். குழாய் அசையவில்லை. மறுபடியும் மேலேயே உடைத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். அவளுடைய கட்டைவிரல் மடியில் தானாக அசைந்தது. நான் மூன்றாவது தடவையும் மேலே கை வைக்கப் போனேன்.

"அங்க இல்லண்ணி! கீழ, கீழ! பைப்புக்குக் கீழ உள்ளத ஒடைங்க, மேல உள்ளது தானா விழும்!"

கூடத்தில் எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு வெளையாடும். பாத்திருக்கேன்."

"அந்தப் பொண்ணு உன் போட்டோவ வச்சுகிட்டா வெளையாடுது?"

பங்களாவின் படத்தை விரித்து, போனை அவள் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"நான் பள்ளிக்கூடத்துலேந்து வந்தா, டீ போடக்கூட முடியல, தலைவலின்னு படுத்திருப்பியே. இதானா அது?"

அவளுக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே," என்றேன். "அவளுக்குத் தலை நல்லாத்தான் இருக்கு. கைதான் போன விடமாட்டேங்குது."

கூடமே சிரித்தது. காதுகுத்தில் சிரித்த அதே ஆட்கள். மனசு அப்படிக் குளிர்ந்தது எனக்கு. அவளைப் பார்த்துப் பாவமாக இருந்தது என்று எழுதினால் அது பொய்.

என் கணவரும் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, "அன்னைக்குப் பந்தியிலயும் இப்படித்தான் சிரிச்சீங்க," என்றேன்.

"அதயெல்லாமா இன்னும் ஞாபகம் வச்சிருக்க?"

"வச்சிருக்கேன்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனார். மறுநாள் காலையில், யாரும் கேட்காமலே, ஆசாரியைக் கூட்டிவந்து கொல்லைக் கதவின் கீலை மாற்றினார். அதற்காக அவரை விட்டுவிடுவதாக இல்லை. அது வேறு கணக்கு.

நாத்தனார் அதன் பிறகு போன் பண்ணவில்லை. விளையாட்டை மட்டும் விடவில்லை. நான் அவளைத் தாண்டிப் போய்விட்டேன். தினமும் காலையில் அவள் எவ்வளவு பின்னால் நிற்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். மாசியில் ஒரு நாள் என் போனில், விளையாட்டில் உயிர் கேட்டு அவள் படம் வந்து நின்றது. தொடர்ந்து தோற்றால் ஆடுவதற்கு உயிர் தீர்ந்துவிடும். தெரிந்தவர்களிடம் கேட்கலாம், அவர்கள் ஒரு தட்டு தட்டினால் போய்ச் சேர்ந்துவிடும். கொடுப்பவருக்கு ஒன்றும் குறையாது. எல்லோரிடமும் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்திருப்பாள்.

லீவுக்கு வந்திருந்த மகள் அதைப் பார்த்தாள். "பாவம்மா அத்தை. ஒண்ணு அனுப்பிவிடேன்."

"பாவந்தான்," என்றேன்.

அனுப்பவில்லை. போனைத் திருப்பி என் ஆட்டத்தை ஆட ஆரம்பித்தேன்.