குழல் ஒரு வீட்டில், துப்பாக்கி ஒரு வீட்டில்

வக்கீலின் மேசைமேல் டோரீன் வைத்த ரொட்டிப் பையைப் பிரித்துப் பார்த்ததும் மெர்வின் ஹவுப்டுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே ரிவால்வர் இருந்தது. பிடி இருந்தது, விசை இருந்தது, ஆறு தோட்டா போடும் உருளையும் இருந்தது. முன்பக்கம் மட்டும் பல் விழுந்த வாய்போல ஓட்டையாக நின்றது.

"குழல் எங்க?"

"பெட்டில."

"பெட்டி எங்க?"

"என் வீட்ல. டைவர்ஸ் தீர்ப்பைப் படிச்சுப் பாரு. துப்பாக்கி உனக்கு. பெட்டியும் அதுல இருக்கிற சாமானும் எனக்கு."

"குழல் இல்லாம இத வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது? ஆணி அடிக்கவா?"

"அடி. உனக்கு அதுதான் சரியா வரும்."

மெர்வினின் வக்கீல் காகிதத்தை இரண்டு முறை புரட்டினார். டோரீன் சொன்னது சரிதான். எண் பொறித்த உடல் பாகம்தான் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. மற்றதெல்லாம் இரும்புச் சாமான். கடையில் கையெழுத்துப் போட்டவன் மெர்வின் என்பதால் துப்பாக்கி அவனுக்குப் போனது. கூடவே வந்த பெட்டியை டோரீன் தனியாகக் கேட்டு எழுதி வாங்கியிருந்தாள். இரண்டரை, நான்கு, ஆறு, எட்டு அங்குல நீளத்தில் நான்கு குழல்கள், அவற்றின் மேலுறைகள், குழலைக் கழற்றி மாட்டும் சாவி, இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு. அன்று காலை சமையலறையில் நின்று, துப்பாக்கியில் இருந்த எட்டங்குலக் குழலைத் திருகிக் கழற்றி எண்ணெய் போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

இது நடந்தது தொண்ணூற்று மூன்றாம் வருடம் மார்ச்சில், பென்சில்வேனியாவின் மலைப்பக்கத்தில்.

டோரீன் பதினெட்டு வயதிலேயே ஆற்றங்கரை பேரிங் தொழிற்சாலையில் சேர்ந்தவள். இருபத்திரண்டு வருடமாக அளவு சோதிக்கும் பிரிவில் இருந்தாள். வளையத்தை அளவுக் கருவியில் வைப்பாள். முடியில் பாதி கூடினாலும் சிவப்புத் தொட்டியில் போடுவாள். மேலாளர் வந்து, "இது ஒண்ண விட்டுடு டோரீன், லாரி நிக்குது" என்று கெஞ்சினால், "லாரிக்குக் கால் வலிக்குதுன்னா உக்காரச் சொல்லு" என்பாள். அவளை யாருக்கும் பிடிக்காது. அவள் எழுதிய எண்ணை யாரும் சந்தேகித்ததும் கிடையாது.

அந்தத் துப்பாக்கியை எழுபத்தொன்பதில் அவள்தான் ஆசைப்பட்டு மெர்வினை வாங்கவைத்தாள். அதன் அமைப்பே அவளுக்காகச் செய்ததுபோல் இருந்தது. மற்ற ரிவால்வர்களின் குழல் ஆயுள் முழுக்க ஒன்றுதான். இதில் வேண்டிய குழலை நாமே மாட்டலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் குழலின் பின்முனைக்கும் உருளைக்கும் நடுவே தகட்டை நுழைத்து இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். கூடினால் பக்கவாட்டில் ஈயம் தெறிக்கும். குறைந்தால், சுடச்சுடக் கரி அடைத்து உருளை சிக்கிக்கொள்ளும். அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஆறு பங்கு என்பது புத்தகக் கணக்கு. இருவரும் சேர்ந்திருந்த துப்பாக்கி சுடும் மன்றத்தில் எல்லோரும் வெறுமனே 'ஆறு' என்பார்கள். அந்த வேலையை மெர்வின் ஒருநாளும் தொட்டதில்லை. அவன் தோட்டா நிரப்புவான், அவள் குழல் மாட்டுவாள், இருவரும் மாறி மாறிச் சுடுவார்கள்.

தொண்ணூற்றிரண்டில் வட்டாரப் போட்டியில் டோரீன் முதலாவதாக வந்தாள். அன்று மதியம் மன்றத்துச் சமையற்கட்டில் மான்கறி சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே மெர்வின் எல்லோரிடமும் சொன்னான்: "தோட்டா என்னோடது. அவ விரலை மடக்குனா, அவ்வளவுதான்." எல்லோரும் சிரித்தார்கள். அதற்குமுன் பத்தொன்பது வருட மணவாழ்க்கையில் இதுபோல் வேறு ஆயிரம் இருந்தன. ஆனால் அந்த வாரம்தான் அவள் அவனுடைய சட்டைகளை வாசலில் கொண்டுபோய் வைத்தாள்.

மணமுறிவுக்குப் பின்னும் இருவரும் மன்றத்தை விடவில்லை. 'நான் எதுக்குப் போகணும்?' என்று இருவருக்குமே தோன்றியது. மெர்வின் கடன் வாங்கிய துப்பாக்கியில் சுட்டுக் கடைசி வரிசையில் வந்தான். டோரீன் சுடுவதையே நிறுத்தினாள். போட்டிக்குமுன் துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரை குத்தும் பொறுப்பை வாங்கிக்கொண்டாள். வேறு துப்பாக்கி வாங்கேன் என்று மன்றச் செயலாளர் கிளைடு சொன்னபோது, "எனக்குத் துப்பாக்கி இருக்கு. உடம்பு மட்டும் ஒரு திருடன் வீட்ல இருக்கு" என்றாள். ஞாயிறுதோறும் நான்கு குழல்களையும் செய்தித்தாளில் பரப்பி, பித்தளைத் தூரிகையால் தேய்த்து, மரையில் எண்ணெய் விட்டுத் துடைத்தாள். நான்கு வருடம் ஒரு தோட்டாகூட அவற்றின் வழியே போகவில்லை.

மெர்வினும் சும்மா இருக்கவில்லை. துப்பாக்கி செய்த தொழிற்சாலைக்குக் கடிதம் எழுதினான். அது மூடிக் கிடந்தது. சந்தை சந்தையாக அலைந்து, தொண்ணூற்றாறு இலையுதிர்காலத்தில், பக்கத்து மாநிலத்தில் ஒரு எட்டங்குலக் குழலை மேலுறையோடு பிடித்தான். அப்போதுதான் அதை மாட்டத் தனக்குத் தெரியாது என்பது அவனுக்கு உறைத்தது.

அடுத்த மே மாதப் போட்டிக்கு நான்கு நாள் முன்பு கிளைடு டோரீனின் வாசலில் வந்து நின்றார். நல்ல மனிதர், அறுபத்தைந்து வயது, யாரோடும் பகை ஆகாதவர்.

"கோச்சுக்காதே. மெர்வின் கேக்கச் சொன்னான். சாவியும் தகடும் இரவல் வாங்கிட்டான். அந்தத் துப்பாக்கிக்கு எவ்வளவு இடைவெளி வைப்பே?"

"அவனுக்கு வாய் இல்லியா?"

"இருக்கு. அத எடுத்துக்கிட்டு இங்க வந்தா நீ அடிப்பேன்னு பயம்."

டோரீன் சிரிக்கவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து, சாலையைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு" என்றாள்.

"ரெண்டா? புத்தகத்தில ஆறுன்னு போட்டிருக்கே."

"புத்தகம் ஊருக்கெல்லாம் எழுதினது. அந்தத் துப்பாக்கிக்கு ரெண்டு."

கிளைடு நன்றி சொல்லிவிட்டுப் போனார். டோரீன் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொய்யான அளவைச் சொல்லியிருந்தாள். அது இவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வரும் என்று அவள் நினைத்ததில்லை.

போட்டியன்று மெர்வின் துப்பாக்கியை அவள் மேசைக்குக் கொண்டு வந்தான். குழல் நீளமும் விசையின் இழுவையும் பார்ப்பதுதான் விதி. இடைவெளி அதில் சேராது. நீளத்தை அளந்தாள், விசையில் எடை தொங்கவிட்டாள், முத்திரை குத்தினாள்.

மெர்வின் அருமையாகச் சுட்டான். இரும்புத் தகட்டில் வெட்டிய இலக்குகளில் கோழி பத்தில் பத்து, பன்றி ஒன்பது, வான்கோழி எட்டு. கடைசியாக இருநூறு மீட்டர் தூரத்து ஆட்டுக்கடாக்கள். அதற்குள் வெயில் ஏறி, துப்பாக்கி கொதித்துக்கொண்டிருந்தது. முதல் கடா விழுந்தது. இரண்டாவதற்குத் துப்பாக்கியின் பின்பக்கச் சுத்தியலை இழுத்தான், உருளை அசையவில்லை. கட்டைவிரலால் நெட்டினான், உள்ளங்கையால் தட்டினான். பின்னால் யாரோ, "தாத்தாவுக்கு எண்ணெய் விடுங்கப்பா" என்றார்கள். நேரம் முடிந்தது. மிச்சக் கடாக்கள் அப்படியே நின்றன. டோரீன் தன் மேசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. வீட்டுக்குப் போகும்வரை இருந்தது.

அன்று மாலையே மெர்வின் வந்து கதவைத் தட்டினான்.

"எதுக்குடி அப்படிச் சொன்னே?"

"எப்படி?"

"நடிக்காதே. ரெண்டுக்கு எந்தத் துப்பாக்கி ஓடும்? கிளைடும் சொன்னார், இது தப்பா இருக்கும்னு. நான்தான் சொன்னேன், அவ என்ன வேணா செய்வா, தூங்கும்போது என் கழுத்தை அறுத்தாலும் அறுப்பா, ஆனா நம்பர்ல பொய் சொல்லமாட்டான்னு. அவர்கிட்ட சண்டையே போட்டேன்."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் டோரீன் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பாள்.

"போய்த் தொலை" என்று கதவைச் சாத்தினாள்.

அடுத்த செவ்வாய் மன்றக் கூட்டம். கூரைப் பழுதைப் பேசி முடித்ததும் டோரீன் எழுந்தாள். "மெர்வின் இடைவெளி கேட்டான். நான் வேணும்னே ரெண்டுன்னு சொன்னேன். சரியான அளவு ஆறு. அவனுக்கு இன்னொரு தடவை சுட வாய்ப்புக் குடுங்க."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "சோதிக்கிறவளே இப்படிப் பண்ணினா எவன் உன் மேசைக்கு வருவான்?" என்று ஒருவர் கத்தினார். "கைல வெடிச்சிருந்தா?" என்றார் இன்னொருவர். இறுகினால் வெடிக்காது, சிக்கத்தான் செய்யும் என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஒரு வருடம் அவள் மன்றத்துக்குள் வரக்கூடாது என்று கை தூக்கினார்கள். கிளைடு கையைத் தூக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி சுடும் வாய்ப்பை, "அவ பிச்சை எனக்கு வேண்டாம்" என்று மெர்வின் மறுத்துவிட்டான்.

வெளியே, வண்டிகளுக்கு நடுவில் அவளை மறித்தான்.

"ஆறுங்கறது நிஜமா?"

"நிஜம்."

"எப்படி நம்பறது?"

"அவ்வளவு பேர் முன்னால என்னை நானே கேவலப்படுத்திட்டு வரேன், இன்னும் என்னடா வேணும் உனக்கு?"

"பெட்டில இருக்கிற அந்தத் தகட்டைக் குடு. அது எவ்வளவு கனம்னு நானே பாத்துக்கறேன்."

"தரமாட்டேன். அது என்னோடது. கடைல போய் வாங்கு."

"உன்னையெல்லாம்..." என்று தொடங்கியவன் முடிக்காமல் அவள் வண்டிச் சக்கரத்தை ஓங்கி உதைத்துவிட்டுப் போனான்.

அந்த ஒரு வருடத்தில் அவளுக்கு வந்த ஒரே தொலைபேசி கிளைடுடையது. இலையுதிர்காலத்தில் அவள் ஒரு கடையில், குழல் தேய்ந்து போன அதே ரகத் துப்பாக்கி ஒன்றை முறைப்படி வாங்கி, தன் எட்டங்குலக் குழலை மாட்டினாள். ஆற்றுக்கு அந்தப்பக்கம், ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த வேறொரு மன்றத்தில் சேர்ந்தாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. சோதிக்கும் வேலை செய்கிறாயா என்று கேட்டார்கள். மாட்டேன் என்றாள்.

தடைக்காலம் முடிந்தும் அவள் பழைய மன்றத்துக்குத் திரும்பவில்லை. ஒருநாள் கிளைடு பேச்சோடு பேச்சாக, மெர்வின் இப்போது நன்றாகச் சுடுகிறான், துப்பாக்கி சிக்குவதே இல்லை என்றார்.

"எவ்வளவு வச்சிருக்கான்?"

"ஏழு."

"ஆறுன்னு சொன்னேனே."

"சொன்னே" என்றார் கிளைடு. "அவன் கடைல தகடு வாங்கித் தானே அளந்துக்கிட்டான்." பிறகு, தோட்டத்து மக்காச்சோளம் இந்த வருடம் எப்படி என்று கேட்டார். டோரீன், பூச்சி விழுந்திருக்கிறது என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.