பரீட்சை முடியட்டும்

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. கல்யாணத்துக்குப் போனாலும் பந்தி முடிவதற்குள் செருப்பைத் தேடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவளை மாதத்தில் ஒரு நாள், தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் போகும் பஸ்ஸில் ஏற்றி, நடுவில் எங்கும் இறங்கவிடாமல், அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வர வைத்தவள் பம்மலைச் சேர்ந்த ஒருத்தி. அவள் என் முன் சீட்டில் உட்காருவாள். நான் பின் சீட்டில். முகத்தைப் பார்த்துக்கொள்ளாமலே பேசுவோம். அவளை அவள் புருஷன் அடிக்கிறான். அந்த வீட்டிலிருந்து அவளைக் கிளப்பிக்கொண்டு வர வேண்டும் என்று நான் துடிக்கிறேன். அவள் கிளம்பமாட்டேன் என்கிறாள். விஷயம் இவ்வளவுதான்.

நான் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவள். ஆனால் இந்த இன்னொரு வேலை அதற்கு முன்பே என்னைப் பிடித்துக்கொண்டது. சேலையூர்ப் பக்கம் ஒரு காலனியில் நாங்கள் புதிதாகக் குடிவந்திருந்த காலம். ஒரு நர்ஸ், ஒரு டீச்சர், பம்மல் தோல் தொழிற்சாலையில் சங்கம் நடத்திய ஓர் அக்கா, கடைசியில் நான். எங்களுக்கு அமைப்பும் இல்லை, பெயரும் இல்லை. அடிபட்டு வந்து நிற்பவளை, அன்றைக்கு யார் வீட்டில் இடமிருக்கிறதோ அங்கே தங்க வைப்போம். அக்கம்பக்கத்தில் கேட்டால், "சித்தி பொண்ணு, ஊர்லேர்ந்து வந்திருக்கா" என்போம். வேறு பொய் எங்களுக்குத் தெரியாது. எதிர்வீட்டு மாமி ஒரு நாள் தள்ளுவண்டியில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே என்னைக் கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, தப்பா நினைச்சுக்காதே. உங்க தாத்தாவுக்கு மொத்தம் எத்தனை பொண்ணு?"

நான் சிரித்துச் சமாளித்தேன். மாமி சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குச் சித்தி பெண் வந்தால் ஒரு தூக்கில் ரசமும் வந்துவிடும். யாருக்கு, எதற்கு என்று மாமி கேட்டதே இல்லை.

ஒரு புருஷன் தேடிக்கொண்டு வந்து நர்ஸ் வீட்டு ஜன்னல் கண்ணாடிகளை உடைத்துவிட்டுப் போனான். அதோடு, தனியாக ஒரு வீடு இல்லாமல் முடியாது என்று புரிந்தது. வீடு தேடி நாங்கள் அலைந்த அலைச்சலைச் சொன்னால் இப்போதும் எனக்குக் கோபம் வரும். லேடீஸ் ஹாஸ்டல் என்று சொன்னால், "பசங்க வந்து நிப்பாங்களா?" என்பார்கள். உண்மையைச் சொன்னால், "புருஷனுங்க வந்து நிப்பாங்களா?" என்பார்கள். ஊரப்பாக்கத்தில் ஒருவர் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, மறுநாள் வீட்டுக்கே வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனார். குடும்பத்தைப் பிரிக்கிற காரியத்துக்கு அவர் துணை போக மாட்டாராம். குடும்பத்தை யார் பிரித்தது என்று தெருவில் நின்று கத்தினேன். டீச்சர்தான் என்னை இழுத்துக்கொண்டு வந்தாள்.

கடைசியில், பிள்ளைகளோடு வெளிநாடு போய்விட்ட ஓர் அம்மா தன் வீட்டைக் கொடுத்தார். கேளம்பாக்கம் போகிற வழியில் இருக்கிறது. எந்த ஸ்டாப் என்று சொல்ல மாட்டேன். இத்தனை வருஷமாகியும் அந்த வீட்டுக்கு போர்டு கிடையாது.

நாங்கள் ஊர்வலம் போனோம், மனு கொடுத்தோம், குடும்ப வன்முறைச் சட்டம் வந்தபோது லட்டு வாங்கிக் கொடுத்தோம். சட்டம் வந்த பிறகும், உதடு கிழிந்து போனவளைப் பார்த்து, "ரெண்டு பேரும் சமாதானமா போங்கம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர்கள் இருந்தார்கள். இப்போது அரசாங்கத்திலேயே உதவி மையம் இருக்கிறது, கூப்பிட ஃபோன் நம்பர் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் எங்கள் எந்தக் கோஷத்திலும் இல்லாத ஒன்று வந்துதான் எங்கள் வேலையையே மாற்றியது. பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ். கையில் ஒன்றுமே இல்லாத பெண்ணும் இப்போது வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் போய்விட்டு வரலாம். வீட்டில் பேச முடியாது, அவள் ஃபோனைப் புருஷன் நோண்டுகிறான், எங்களில் யார் வீட்டுக்கு வந்தாலும் தெருவே பார்க்கும். பஸ்ஸில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அதனால் பஸ்ஸிலேயே பேச ஆரம்பித்தோம்.

பம்மல்காரி வீட்டில் தோல் கையுறை தைப்பவள். அவளை எங்களிடம் சேர்த்துவிட்டது அவள் பக்கத்து வீட்டுக்காரி. மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க மாதம் ஒரு முறை அரசு ஆஸ்பத்திரிக்கு வருவாள். விடியும்போதே வந்து முதல் ஆளாக மாத்திரையை வாங்கிவிடுவாள். ஆஸ்பத்திரி வரிசை எவ்வளவு நேரம் ஆகும் என்று எந்தப் புருஷனாலும் கணக்குப் போட முடியாது. அந்த மிச்ச நேரம் எங்களுடையது. கண்டக்டர் கொடுக்கும் டிக்கெட்டை இறங்குவதற்கு முன் பொடிப்பொடியாகக் கிழித்துவிடுவாள். புருஷன் அவள் பர்ஸைக் கவிழ்த்துப் பார்ப்பானாம்.

"இன்னா பண்றதுக்கா, பொங்கல் முடியட்டும்" என்றாள் முதல் தடவை. அடுத்த மாதம், நாத்தனார் வளைகாப்பு முடியட்டும் என்றாள். அதற்கடுத்த மாதம் கழுத்தைச் சுற்றித் துப்பட்டா போட்டுக்கொண்டு வந்தாள். அந்த வெயிலில் அது எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. குரல் மட்டும் கட்டியிருந்தது.

"பொண்ணு பத்தாவதுக்கா. நல்லா படிக்கிற புள்ளை. இப்ப நான் எதுனா பண்ணா அது படிப்பு பேஜாராயிடும். பரீட்சை முடியட்டும். அப்புறம் நீ கூப்ட்ற எடத்துக்கு வரேன்."

"அதுவரைக்கும் நீ உயிரோட இருக்கணுமே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். முன் சீட்டில் இருந்த தலை அசையவே இல்லை.

அந்த முடியட்டும் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். எங்களிடம் வந்த பாதிப் பேர் அதைச் சொன்னவர்கள்தான். தீபாவளி முடியட்டும், ஆடி முடியட்டும், மாமனார் காரியம் முடியட்டும். இவளுக்கு நான் ஃபோன் செய்யக்கூடாது, வீட்டுப் பக்கம் போகக்கூடாது. அடுத்த மாத்திரை நாள் வரைக்கும் அவள் இருக்கிறாளா இல்லையா என்றே எனக்குத் தெரியாது. ஷேர் ஆட்டோவில் பம்மல் வரைக்கும் போய், பஜாரில் தேவையில்லாமல் ஒரு வாளியை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். என் கணவர் வாளியைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் பம்மலா?" என்பார். வீட்டில் வாளிக்குப் பஞ்சமில்லை.

பரீட்சைகள் ஆரம்பித்த வாரத்திலேயே அடுத்த மாத்திரை நாளும் வந்தது. நான் தாம்பரத்தில் ஏறி வழக்கமான சீட்டில் உட்கார்ந்தேன். அவள் ஏறினாள். பின்னாலேயே, தோளில் பெரிய பையோடு ஒரு பெண் ஏறியது. மகள். லீவு நாள், நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து தாம்பரம் வரை கூட்டி வந்தவளுக்கு, அதற்கு மேல் எப்படிக் கழற்றி விடுவது என்று தெரியவில்லை. அவள் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினாள், பேசாதே என்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வண்டலூர் தாண்டியதும் அந்தப் பெண் பின்னால் திரும்பி என்னைப் பார்த்தது.

"ஆன்ட்டி, எந்த ஸ்டாப்ல எறங்கணும்?"

அவள் அம்மா மகளின் கையைப் பிடித்தாள்.

"போன மாசம் நானும் இதே பஸ்லதான் வந்தேன். கடைசி சீட்ல. நீங்க ரெண்டு பேரும் பேசினதை எல்லாம் பார்த்தேன். கேட்கலை, பார்த்தேன்" என்றது. "பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டேன். அவங்கதான் உங்களைப் பத்திச் சொன்னாங்க."

எத்தனை ஜாக்கிரதை எங்களுக்கு! தனித்தனியாக ஏறுவோம், முகம் பார்க்க மாட்டோம், டிக்கெட்டைக் கிழிப்போம். யூனிஃபார்ம் போட்ட ஒரு பள்ளிக்கூடப் பெண் பின்னால் உட்கார்ந்து வந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பிள்ளைக்குப் பதில் அவன் வந்திருந்தால்?

"இன்னாடி உளர்றே! நாளை கழிச்சு கணக்குப் பரீட்சை கீது" என்றாள் தாய்.

"ஹால் டிக்கெட் பையில கீது. புக்கு கீது. உன் துணி ரெண்டு கீது. அங்க போய் படிக்கிறேன்."

"அப்பா வந்து ஸ்கூலாண்ட நிப்பாருடி!"

அந்தப் பெண் என்னைப் பார்த்தது. நாங்கள் நாலு பேர் கூட வருவோம், தலைமை ஆசிரியரிடம் பேசுவோம், ஸ்டேஷனில் முன்கூட்டியே எழுதிக் கொடுப்போம் என்று நான் கடகடவென்று சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போது எங்கள் ஸ்டாப் தெரிந்தது. நான் எழுந்தேன். மகளும் எழுந்தது. தாய் எழவில்லை. முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். எத்தனையோ பெண்களை நான் கையைப் பிடித்து இறக்கியிருக்கிறேன். அன்று என்னால் அவளைத் தொட முடியவில்லை. தொட்டால் உடைந்துவிடுவாள் போலிருந்தது.

"அண்ணா, நிறுத்துங்க!" என்று கத்திவிட்டு மகள் படியில் இறங்கியது.

"இன்னாமா இது? ஒருத்தி எறங்கறா, ஒருத்தி குந்திகினு கீறா! எறங்கறதுன்னா எறங்கு, வண்டிய எடுக்கணும்" என்றார் கண்டக்டர்.

மகள் கீழே ரோட்டில் நின்றுகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பையை மாரோடு கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தது, எந்தப் பக்கம் என்று தெரியாமலே. அதைப் பார்த்ததும் தாய் எழுந்து ஓடினாள். இறங்கும்போது மாத்திரைப் பையை சீட்டிலேயே விட்டுவிட்டாள். நான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

போர்டு இல்லாத அந்த வீட்டுக்குப் போகும் வரை அவள் மகளைத் திட்டிக்கொண்டே வந்தாள். படிப்பு போச்சு, மானம் போச்சு, உன்னால எல்லாம் போச்சு. நாலு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும் என்றாள். மாமியாருக்கு மாத்திரை யார் கொடுப்பது என்றாள். எனக்கும் பதற்றம். இப்போது திரும்பிப் போனால் இனி எந்த மாத்திரை நாளும் கிடையாது என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் பயமுறுத்துவதாகிவிடும். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தேன்.

வீட்டில் இருந்தவர்கள் சாம்பார் சாதமும் அப்பளமும் போட்டார்கள். மகள் சாப்பிட்டது. உள் அறையில் பாய் விரித்து, கணக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்தது. நான் இரண்டு ஃபோன் பேசிவிட்டு வந்து எட்டிப் பார்த்தால், புத்தகம் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம். கையையும் காலையும் நாலு திசையிலும் போட்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறது. தெருவில் தண்ணீர் லாரி ஹார்ன் அடித்தது, பக்கத்து அறையில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். அது புரண்டுகூடப் படுக்கவில்லை.

மணி நாலைத் தாண்டிவிட்டது. பஸ் போய்விட்டிருக்கும். தாய் சுவரோரமாக உட்கார்ந்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளையாயிற்றே என்று எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எழுப்பலாம் என்று குனிந்தேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எழுப்பாதக்கா" என்றாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வூட்ல இவ குந்திகினேதான் தூங்குவா. எனக்கும் அவருக்கும் நடுவுல, செவுத்துல சாஞ்சிகினு. நல்லா படிக்கிற புள்ளை, புக்கோட தூங்கிடுதுன்னு நெனச்சிகினு இருந்தேன்க்கா."