ஏழாம் கட்டத்தில் அம்மா

நான்கு மூலையில் நான்கு குச்சி, ஒவ்வொரு குச்சியிலும் ஒரு துண்டு சிவப்பு ரிப்பன். ஒரு புல்வெளி நடுவே இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்?

எனக்கு அது ஆய்வுக் கட்டம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். உள்ளே எத்தனை காட்டுப்பூ பூத்திருக்கிறது என்று எண்ணி எழுதினால் எனக்குப் பட்டம் கிடைக்கும். செல்ஃபி எடுக்க வருகிறவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை, தாண்டிப் போய்விடுவார்கள். எங்கள் அம்மாவுக்கு அது வேறொன்று. அந்த வேறொன்றால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இடம். இலங்கையில், மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ஏறி, ரிவர்ஸ்டன் மலைக் காற்றைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் பிட்டவல பத்தனை வரும். அரசாங்க நிலம். வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் நடக்கலாம். பாறைக்கு மேலே ஒரு சாண் மண்கூட இல்லாத புல்வெளி, குறுக்கே ஒற்றையடிப் பாதை, பாதை முடிகிற இடத்தில் செங்குத்துப் பள்ளம். எல்லோரும் பள்ளத்தைப் பார்க்கத்தான் ஓடுகிறார்கள். காலடியில் இருப்பது ஒருத்தர் கண்ணிலும் படுவதில்லை. ஊதா இதழும் நடுவில் மஞ்சளுமாக பினர. ரோஸ் நிறத்தில் போவிட்டியா. ஈரம் தங்குகிற இடங்களில் விரல் நகத்தைவிடச் சின்னதாக இன்னொரு ஊதாப்பூ. பார்த்தால் அப்பாவி. மண்ணுக்குள்ளே சத்தமில்லாமல் பூச்சி பிடித்துத் தின்கிறது. எனக்குப் பிடித்த ரவுடி அது.

பாதையோரமாகப் பத்துக் கட்டம் போட்டிருந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பூக்களை எண்ண வேண்டும். பூ உதிர்ந்த பிறகு அதே கட்டத்தில் காய்களை எண்ண வேண்டும். பாதைக்குப் பக்கத்தில் மிதிபடுகிற பூ எவ்வளவு காயாகிறது, தள்ளி இருப்பது எவ்வளவு காயாகிறது என்பதுதான் என் ஆய்வு. பூக்கணக்கு மட்டும் இருந்து காய்க்கணக்கு இல்லாவிட்டால் அந்தக் கட்டம் குப்பை. "பத்துக்குக் கொறைஞ்சா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று என் ஆய்வுக்குப் பொறுப்பான மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். மேடம் விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாத ஆள்.

வழக்கமாக என்னுடன் வருவது பல்கலைக்கழகத்தில் என் பட்ச் கூட்டாளி ஒருத்தி, மாத்தளை டவுன் முஸ்லிம் பிள்ளை. அவளுடைய ஆய்வு தயிரில் இருக்கிற பாக்டீரியா. பூவைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் டேப் பிடிப்பாள், கட்டுச்சோறு கொண்டுவருவாள். நான்காவது எண்ணிக்கை நாளில் அவள் அக்காவின், அவள் பாஷையில் ராத்தாவின், கலியாணம் வந்து விழுந்தது. தனியாகப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அது என் முதல் பிழை.

"காட்டுக்குத் தனியாவா? யாரக் கேட்டு?"

"காடு இல்லம்மா. டிக்கெட் எடுத்துட்டு நடக்குற பாதை. சனம் நெறைய வரும்."

"சனம் வந்தா அதுக்கும் சேத்துதான் பயம். நாளைக்கு பௌர்ணமி, போயா லீவு, எனக்கு வேல இல்ல. நானும் வாறேன்."

"நீங்க வந்து என்ன செய்யப் போறீங்க?"

"நீ என்ன செய்யிறியோ அத."

அம்மா முப்பது வருடமாகத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். கொழுந்தும் எடுப்பார், கொந்தரப்புக்குக் களையும் பிடுங்குவார். கொந்தரப்பு என்றால் நாள் கணக்கில்லை, இவ்வளவு இடம் என்று அளந்து கொடுப்பது. முடித்தவர் வீட்டுக்குப் போகலாம். நான் என்ன படிக்கிறேன் என்று அவர் பலமுறை கேட்டிருக்கிறார். "சொன்னா வெளங்காதும்மா" என்பதுதான் ஒவ்வொரு முறையும் என் பதில். அது இரண்டாவது பிழை, முதலாவதைவிடப் பெரியது.

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் மற்றத் தோட்டங்களின் மலைகளுக்குக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். "பாரு, தண்ணி ஓடக் கானு வெட்டவே இல்ல. இந்தக் கங்காணி தூங்குறான்." முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர்தான் அந்தக் கங்காணியோ என்னவோ. நான் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டேன்.

வாசலில் டிக்கெட் கொடுக்கிற அண்ணனுக்கு என்னை நன்றாகத் தெரியும். அனுமதிக் கடிதத்தைக்கூட இப்போதெல்லாம் கேட்பதில்லை. "அத யாளுவா நெத்த, நங்கி?" என்று சிங்களத்தில் கூட்டாளி வராததை விசாரித்தார். அம்மாவைக் காட்டினேன். எழுந்து கும்பிட்டார். அம்மாவுக்கு அந்த மரியாதை மிகவும் பிடித்துப்போயிற்று. "நல்ல மனுசன்" என்று பள்ளம் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார்.

பள்ளத்தை எட்டிப் பார்த்து, "இதுக்கா இவ்வளவு தூரம்" என்றார். அவரை ஒரு பாறையில் உட்காரவைத்து, குச்சியை மட்டும் மிதிக்காதீங்க என்று சொல்லிவிட்டு முதலாம் கட்டத்துக்குப் போனேன். நான் சொன்னது அவ்வளவுதான். குச்சியை மிதிக்கக் கூடாது. குச்சிக்குள்ளே இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எண்ணுவது லேசான வேலை இல்லை. வயிறு தரையில் பட்டுப் படுக்க வேண்டும். காற்று பூவை ஒரு இடத்தில் நிற்க விடாது. இருபத்தேழா இருபத்தெட்டா என்று குழம்பினால் மறுபடி ஒன்றிலிருந்து. நான்காம் கட்டம் முடிய முதுகு முறிந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். பாறையில் அம்மா இல்லை. தூரத்தில், ஏழாம் கட்டத்துக்கும் எட்டாம் கட்டத்துக்கும் நடுவில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து நின்றார். அந்தக் குனிவு எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். களை பிடுங்குகிற குனிவு.

ஓடினேன்.

ஏழாம் கட்டம் சுத்தம். அப்படி ஒரு சுத்தத்தை நான் பார்த்ததில்லை. புல் மட்டும் முடி வெட்டின மாதிரி நின்றது. பினர இல்லை, போவிட்டியா இல்லை, ரவுடிப்பூ இருந்த இடத்தில் ஈரமண். எட்டாம் கட்டத்தின் கடைசிச் செடி அம்மா கையில் இருந்தது. பிடுங்கினதெல்லாம் வேரில் மண் உதறி, கட்டத்துக்கு ஒரு குவியலாகப் பாதையோரத்தில் அடுக்கியிருந்தது.

"என்னம்மா செஞ்சி வச்சிருக்கீங்க?"

"ரெண்டு முடிஞ்சி. நீ ஆமை மாதிரி ஊருற, பஸ் போயிரும்னுதான் கை போட்டேன். மிச்சத்தையும் குடு."

"யாரும்மா புடுங்கச் சொன்னது?"

"குச்சி அடிச்சி துணி கட்டியிருக்கு. கொந்தரப்புக்கு அளந்துவிட்ட எடம்தானே?"

எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் செய்வார்கள். கணக்குப்பிள்ளை குச்சி அடித்து, நுனியில் துணி கட்டி, இது உன் பங்கு என்று காட்டிவிட்டுப் போவார். சின்ன வயதில் அந்தத் துணியை அவிழ்த்து விளையாடி நான் அடிகூட வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் சிவப்பு ரிப்பன் தூரத்திலிருந்தே தெரியும் என்று புத்திசாலித்தனமாகத் தேர்ந்தெடுத்தேன்.

"அப்ப புல்ல மட்டும் ஏன் விட்டீங்க?"

அம்மா என்னைப் பாவமாகப் பார்த்தார். "இங்க தேயில எங்க இருக்கு? டிக்கெட் போட்டு, காவலுக்கு ஆள வச்சி, இந்தப் புல்லத்தானே வளக்குறாங்க. அதான் புல்ல விட்டுட்டு மத்ததப் புடுங்கினேன். இதுகூடத் தெரியாமலா முப்பது வருசம் வேல செஞ்சேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். அங்கேயே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். பூ, காய், பத்துக் கட்டம், மேடம், கையெழுத்து. வாழ்க்கையில் முதல்முறையாக என் படிப்பை அம்மாவுக்கு விளக்கினேன். முழுதாகப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகம் சுருங்கிப்போயிற்று.

"இத வீட்லயே சொல்லியிருந்தா நான் கைய வச்சிருப்பேனா?"

நான் இரண்டு குவியலிலும் இருந்த பூக்களை எண்ணி நோட்டில் எழுதினேன்.

பிறகு இருவரும் பிடுங்கினதைத் திரும்ப நட்டோம். தண்ணீர் போத்தல் இரண்டையும் ஊற்றினோம். பாறைக்கு மேல் விரல் அளவு மண்ணில் வேர் எங்கே நிற்கும்? அம்மாவே சொன்னார், "இதுல பாதிகூடத் தேறாது." நோட்டைப் பார்த்தேன். ஏழில் முப்பத்தெட்டுப் பூ, எட்டில் இருபத்தைந்து. பூக்கணக்கு கையில் இருந்தது. காய்க்கணக்குத்தான் இனி வராது.

திரும்பும்போது டிக்கெட் அண்ணன், எத்தனை பூ என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நிறைய என்றேன். என் அனுமதிக் கடிதத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, ஒரு செடியும் பிடுங்கக் கூடாது என்று. அம்மா அந்த நல்ல மனிதரின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நடந்தார்.

அன்று ராத்திரி கலியாண வீட்டு இரைச்சலுக்கு நடுவில் கூட்டாளி போனை எடுத்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வல்லாஹி, ஒங்கட உம்மாக்கு ஒரு அவார்ட் குடுக்கணும்டி."

"வாய மூடு. நான் என்ன செய்யிறது?"

"என்ன செய்ய? காய்க்கு ஒரு நம்பர அடிச்சி உடு. பக்கத்துக் கட்டத்த பாத்து ரெண்டு கூட்டி, ரெண்டு கொறச்சிப் போடு. மேடம் வந்து பத்தனைல படுத்து எண்ணப் போறாவா?"

அவள் சொன்னது நடக்கக்கூடிய காரியம்தான். எனக்கே அந்த யோசனை பஸ்ஸில் வந்துவிட்டது. அடுத்த நாள் காலையில் லேப்டாப்பைத் திறந்து, காய் எண்ணும் நாள் வராமலே, ஏழாம் கட்டத்துக்குப் பத்தொன்பது என்று அடித்தேன். அழகான நம்பர். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அம்மா வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் பின்னால் வந்து நின்றார்.

"அது என்ன பத்தொம்பது?"

"காய்."

"எந்தக் காய்? நான் புடுங்கினதுல ஏது காய்?"

"சும்மா போடுறதும்மா. இல்லாட்டி அடுத்த பூக்காலம் வரைக்கும் ஒரு வருசம் போயிரும்."

"பொய்க்கணக்கா?"

"ரெண்டே ரெண்டு கட்டம்."

"என்னால ஒரு வருசம் போச்சினு என்னயச் சொல்லு. அம்மா புடுங்கிட்டானு எழுது. என்ன, அந்த மேடம் என்னய வேலய விட்டு நிப்பாட்டப் போறாவா?" என்று சொல்லி, கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கோபமாகத்தான் இருந்தது. வருடம் போவது எனக்கு, வசனம் பேசுவது அவர். அரை மணித்தியாலம் அந்தப் பத்தொன்பதை அழிக்கிறதும் திரும்ப அடிக்கிறதுமாக இருந்தேன். கடைசியில் மேடத்துக்கு உண்மையை எழுதினேன். இரண்டு கட்டம் அழிந்துவிட்டது, அறுபத்து மூன்று பூ, செடிகள் பிடுங்கப்பட்டதற்கு நான் பொறுப்பு, போதியளவு விளக்கம் சொல்லாமல் உதவியாளர் ஒருவரை அழைத்துப் போனேன். அம்மா என்று எழுதவில்லை. உதவியாளர் என்றே எழுதினேன்.

மேடம் மூன்றாம் நாள் பதில் போட்டார். திட்டவில்லை. பாராட்டவும் இல்லை. அனுமதி தந்த அலுவலகத்துக்கு நானே எழுதிக்கொடுக்க வேண்டும், எட்டுக் கட்டத்தை ஏற்க முடியாது, அடுத்த பூக்காலத்தில் பத்துக் கட்டத்தையும் புதிதாகப் போட்டு முதலிலிருந்து எண்ண வேண்டும். எழுதிக்கொடுத்தேன். கடுமையான ஒரு கடிதமும் புது அனுமதியும் ஒரே கவரில் வந்தன.

என் பட்ச் ஆட்கள் போன மாதம் பட்டமளிப்புக் கவுன் போட்டுப் படம் எடுத்துவிட்டார்கள். தயிர்க்காரி உட்பட. நான் இப்போது பத்துக் கட்டத்தையும் புதிதாகப் போட, பத்தனை வழியாகப் போகிற இலுக்கும்புர பஸ்ஸுக்கு ரத்தோட்டையில் நிற்கிறேன். பஸ் நாற்பது நிமிடம் லேட்.