தோற்றவளின் நித்திரை

டெனிஸ் போட்டிக் காலங்களில் வீரர்களை ஏற்றி இறக்கும் கார் ஓட்டுகிறேன். அன்று முதல் சுற்றிலேயே தோற்றுப்போன ஒரு ஜப்பானியப் பெண்ணை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனேன். பதினைந்து வருடமாக நாடு நாடாக ஆடுகிறாளாம். ஊரில் பிள்ளைகளின் பள்ளிக்கூட ரிப்போட்டைக் கண்டதும் "எத்தினையாம் பிள்ளை?" என்று கேட்போமே, அதே பழக்கத்தில் உலகத்தில் எத்தனையாவது இடம் என்று கேட்டேன். சொன்னாள். "இன்னும் முயன்றால் மேலே வரலாம்" என்று புத்தியும் சொன்னேன். தலையாட்டிவிட்டு, மணிக்கட்டில் ஐஸ் பையோடு நித்திரையாகிப் போனாள்.

இறங்கும் இடத்தில் எழுப்பினேன். திடுக்கிட்டு விழித்தவள், எங்கே இருக்கிறோம் என்று தெரியுமுன்னே, "சொறி, தோற்றுவிட்டேன்" என்றாள். யாரிடம் சொன்னாளோ. எனக்கு முகம் சுட்டது.

பின்னேரம் எங்கள் ரூஜ் பகுதியில் டெனிஸ் பயிற்சி முடிந்த என் மகளை ஏற்றினேன். பன்னிரண்டு வயது. கதவைத் திறக்க முன்னமே "இண்டைக்கு வெண்டனியோ?" என்று கேட்கிற நான், அன்று கேட்கவில்லை. வீடு வந்தபோது அவள் நல்ல நித்திரை. எஞ்சினை நிறுத்திவிட்டு, அவளை எழுப்பாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கண் விழித்தாள்.

"அப்பா, சொறி..."

"நீ படு பிள்ளை. அப்பாவுக்கும் களைப்பாக் கிடக்கு."